கிணற்று ஒயிலும் பற்றீரியாவும்
உயிர்ப்படலம் (பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் பற்றீரியாப் படை) அமைக்கும் பற்றீரியாவை விட்டால் கிணற்றில் கலந்த ஒயில் தானாகப் போய்விடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. படலம் கல்லில் ஒட்டி, தன் பசைக்குள் இருந்தபடியே ஒயிலைத் தின்னும், சரி. ஆனால் வேகமாகத் தின்ன ஒட்சிசன் வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் காற்றை யார் ஊதுவது? 1989இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கரையில் படிந்தபோது, பற்றீரியாவைக் கொண்டு துப்புரவாக்க முக்கியமாக உரம்தான் தெளித்தார்கள்; அங்கேயே இருந்த பற்றீரியா பெருகித் தின்றது. சுன்னாகப் பக்கம் எங்கள் கிணற்றில் ஒயில் மிதந்த நாட்களில் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றவன் நான். தோட்டத்து உரத்தால் நைத்திரேற்று என்ற நைதரசன் சத்து எங்கள் நிலத்தடி நீரில் ஏற்கெனவே தாராளம், அதற்குப் பஞ்சமில்லை; பஞ்சம் ஒட்சிசனுக்குத்தான்! அப்புறம், தண்ணீரில் உள்ள ஈயமும் பற்றீரியாவால் சிதைந்துவிடும் என்று கருத்து எழுதியவருக்கு: ஈயம் ஒரு மூலகம், படலம் அதைப் பிடித்துவைக்கும், சிதைக்காது.