ஸ்காட் நார்வுட் மேல் ஏற்றிய பழி

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர் அளவுக்கு அநியாயமாகப் பழி சுமக்கிற ஆள் வேறு எந்த விளையாட்டிலும் இருப்பாரா என்று தெரியவில்லை. அதிலும் பஃபலோ பில்ஸ் அணியின் கிக்கர் ஸ்காட் நார்வுட்டுக்கு நடந்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏதாவது ஒரு கிக்கர் முக்கியமான நேரத்தில் தவறவிட்டால் போதும், டிவிக்காரர்கள் உடனே அவருடைய பழைய காட்சியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1991 ஜனவரி 27, ஃபுளோரிடாவின் டேம்பா நகரம், இருபத்தைந்தாவது சூப்பர் பவுல், அதாவது அந்த விளையாட்டின் வருடாந்திர இறுதிப் போட்டி. வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் நியூயார்க் ஜயண்ட்ஸ், இன்னொரு பக்கம் பஃபலோ பில்ஸ். ஜயண்ட்ஸ் 20, பில்ஸ் 19. ஆட்டம் முடிய எட்டு விநாடி. பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்டு கோல்; பில்ஸ் அணிக்கு அப்படி ஒன்றே ஒன்று விழுந்தால் மூன்று புள்ளி, கோப்பை பஃபலோவுக்கு. தூரம் 47 யார்டு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 43 மீட்டர்.

ஃபீல்டு கோல் என்பது பார்க்கிற மாதிரி ஒரு ஆளின் வேலை கிடையாது. ஒருவர் குனிந்து கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிவார். ஏழெட்டு யார்டு பின்னால் மண்டியிட்டிருப்பவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்தி விரலால் பிடித்துக்கொள்வார். அதற்குள் கிக்கர் ஓடிவர ஆரம்பித்திருப்பார். எல்லாம் ஒன்றரை விநாடிக்குள் முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் எதிரணி பாய்ந்து வந்து தடுத்துவிடும். பந்து போக வேண்டிய இடைவெளி பதினெட்டரை அடி. அன்றைக்குப் பந்தை எறிந்தவர் ஆடம் லிங்னர், பிடித்தவர் ஃபிராங்க் ரைக். இரண்டு பக்கமும் வீரர்கள் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள்.

நார்வுட் உதைத்தார். உயரம் இருந்தது, தூரமும் தாராளமாக இருந்தது. வலது பக்கம் கிளம்பிய பந்து உள்ளே வளைந்து வந்திருக்க வேண்டும். வளையவில்லை. கம்பத்துக்கு வலது பக்கமாகவே போய்விட்டது. அவ்வளவுதான். "வைட் ரைட்", அதாவது வலது பக்கம் வெளியே, என்ற அந்த இரண்டு சொல்லும் பஃபலோவில் ஒரு காயத்தின் பெயர் மாதிரி நிலைத்துவிட்டன.

சரி, அந்த ஒரு உதையை விட்டுவிட்டு மிச்ச ஆட்டத்தைப் பாருங்கள். அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் பந்து ஜயண்ட்ஸ் கையில்தான் இருந்தது. மூன்றாவது கால்பகுதியில் ஒரே மூச்சில் ஒன்பதரை நிமிடம் பந்தை விடாமல் வைத்திருந்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் போட்டார்கள். நான்கு முயற்சிக்குள் தேவையான தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதற்கு நடுவில் ஒரு கட்டம், மூன்றாவது முயற்சி, பதின்மூன்று யார்டு தேவை. அங்கே தடுத்திருந்தால் ஜயண்ட்ஸின் நகர்வு நின்றிருக்கும். ஜயண்ட்ஸின் மார்க் இங்ரம் குறுகிய பாஸ் ஒன்றைப் பிடித்தார். பில்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் நான்கைந்து பேர் அடுத்தடுத்து அவரைப் பிடிக்கப் பார்த்து நழுவவிட்டார்கள். தேவையான தூரத்தைத் தாண்டிவிட்டுத்தான் அவர் விழுந்தார். அந்த நான்கைந்து பேரின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள்.

ஜயண்ட்ஸை ஜெயிக்க வைத்த கடைசிப் புள்ளிகளும் ஒரு கிக்கரின் காலிலிருந்து வந்தவைதான். நான்காவது கால்பகுதியில் மாட் பார் அடித்த 21 யார்டு ஃபீல்டு கோல் அது. அதற்கு முந்தின வாரம் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான அரையிறுதியில் 15-13 என்று ஜெயித்தபோது அந்தப் பதினைந்து புள்ளியும் அவருடையதே, ஐந்து ஃபீல்டு கோல். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? கிக்கர் ஜெயித்துக் கொடுத்தால் அது அணியின் வெற்றி. தவறவிட்டால் அது அவர் ஒருவரின் தோல்வி. நமக்கும் இது புதிதில்லை. 1986-ல் ஷார்ஜாவில் மியாண்டட் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரை சேத்தன் சர்மா எத்தனை வருடம் சுமந்தார்! அடுத்த வருடமே உலகக் கோப்பையில் ஹாட்ரிக் எடுத்தவர் அவர்.

நார்வுட் ஒன்றும் சாதாரண ஆள் கிடையாது. 1988-ல் 37 முயற்சியில் 32 அடித்தார், அந்த வருடம் லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இருந்தார். பில்ஸ் அணியின் சொந்த மைதானம் செயற்கைத் தரை, டேம்பாவில் இருந்தது இயற்கைப் புல். அந்தக் காலத்தில் புல்லில் 47 யார்டு என்பது நிச்சயமாக விழும் என்று யாரும் சொல்லக்கூடிய தூரம் இல்லை. இவ்வளவு காரணம் இருந்தும் அவர் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. எறிந்தவரைச் சொல்லவில்லை, பிடித்தவரைச் சொல்லவில்லை, தரையைச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் நின்று நிருபர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். நான் மதிக்கிறது இதைத்தான்.

மறுநாள் பஃபலோவில் நடந்ததை எல்லா ஊர் ரசிகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்க நயாகரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள், ஜனவரிக் குளிரில். நார்வுட் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். கூட்டம் விடவில்லை. ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும் என்று கத்த ஆரம்பித்தது. அவர் மைக் முன்னால் வந்து நின்றார். குரல் உடைந்துவிட்டது. இந்த அளவு அன்பைத் தான் உணர்ந்ததே இல்லை என்றார். அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். கோப்பையைப் பறிகொடுத்த மறுநாள், அதற்குக் காரணம் என்று ஊரே சொல்லும் மனிதனைத் தேடிக் கூப்பிட்டுக் கைதட்டின ஊர் அது.

அப்புறம் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. அடுத்த சீசனும் அவர்தான் கிக்கர். 1992 ஜனவரி 12, பஃபலோ மைதானத்தில் டென்வருடன் மோதல், ஜெயித்தால் மறுபடி சூப்பர் பவுல். பில்ஸ் 10-7 என்று ஜெயித்தார்கள். மூன்றே புள்ளி வித்தியாசம், நார்வுட் அடித்த 44 யார்டு ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி. அதே ஆட்டத்தில் டென்வர் கிக்கர் மூன்று தவறவிட்டார். தன்னை உடைத்த இடத்துக்கே அணியைத் திரும்ப அழைத்துப் போனவர் நார்வுட். ஆனால் அந்த சூப்பர் பவுலில் வாஷிங்டனிடம் பில்ஸ் தோற்றது. அதன்பின் அணி ஸ்டீவ் கிறிஸ்டியைக் கொண்டுவந்து நார்வுட்டை விடுவித்தது. அவருடைய விளையாட்டு வாழ்க்கை அதோடு முடிந்தது. சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குப் போய் இன்சூரன்ஸ், ரியல் எஸ்டேட் என்று அமைதியாக வாழ்ந்தார். அவர் இல்லாமலேயே பில்ஸ் இன்னும் இரண்டு சூப்பர் பவுலில் தோற்றது, இரண்டுமே பெரிய வித்தியாசத்தில். அப்போது பழிபோட ஒரு கிக்கர் கிடைக்கவில்லை.

2024 ஜனவரியில் இதே பஃபலோவில் பில்ஸ் கிக்கர் டைலர் பாஸ். கன்சாஸ் சிட்டிக்கு எதிரான பிளே ஆஃப், சமன் செய்ய ஒரு உதை, பந்து வலது பக்கம் வெளியே. பில்ஸ் 27-24 என்று தோற்றது. இணையத்தில் அவருக்கு வந்த மிரட்டல்களும் வசவுகளும் தாங்க முடியாமல் கணக்கை மூடிவிட்டார். ஆனால் பஃபலோ ரசிகர்கள் வேறொன்று செய்தார்கள். அவர் ஆதரவு கொடுத்துவந்த பூனைக் காப்பகம் ஒன்றுக்கு நன்கொடை அனுப்பத் தொடங்கினார்கள். சில நாளில் லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. நயாகரா சதுக்கத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

பாஸ் தவறவிட்ட அந்த உதையும் 44 யார்டுதான். உடனே எல்லாருக்கும் நார்வுட் நினைவுக்கு வந்துவிட்டார், டேம்பாவின் 47 யார்டோடு. அதே ஊரில் அதே 44 யார்டு தூரத்திலிருந்து அவர் உள்ளே அடித்து ஜெயிக்க வைத்த உதை ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்களே, அடுத்த முறை பழைய காட்சி தேடும்போது அதையும் எடுத்துப் போடுங்கள்.