மூதி என்றால் கிழவி இல்லை

நெல்லைத் தமிழின் ‘மூதி’, முதியவளைக் குறிக்கும் சொல் என்று வட்டார வசவுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது மூதேவியின் சுருக்கம். மூத்த தேவி, அதாவது லட்சுமியின் அக்கா. குறளில் வரும் ‘தவ்வை’ (167) இவள்தான். சோம்பேறியிடம் இருப்பதாகச் சொல்லும் ‘மாமுகடி’யும் (617) இவளே. திருப்பரங்குன்றம் குடைவரையில் சிலை வைத்துக் கும்பிட்ட தெய்வம், பிறகு வசவாகிப்போனாள், பாவம்.

வயதுக்கும் இந்தத் திட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அதிகம் வாங்குவது சின்னப் பிள்ளைகள்தான். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றால், “ஏல மூதி, கண்ணு எங்கல இருக்கு?” என்பாள் ஆச்சி. பையனுக்கும் மூதிதான், பெண்ணுக்கும் மூதிதான், முட்ட வரும் மாட்டுக்கும் மூதிதான். கோபம் கொஞ்சம் ஏறினால் ‘செத்த மூதி’, ‘சவத்து மூதி’. அதே வாயால் அடுத்த நிமிஷம், “சாப்பிட வால மூதி” என்று கூப்பிடுவாள். அப்போது அது செல்லம். எழுத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, இழுக்கிற இழுப்பில்தான் இருக்கிறது.

சென்னைக் ‘கஸ்மாலம்’ பற்றிச் சொன்னது சரி. கீதையில் கண்ணன் அர்ஜுனனின் மனச்சோர்வைச் சொல்லும் ‘கஸ்மலம்’தான் அது. ‘பேமானி’யை ஏன் விட்டுவிட்டீர்கள்? நேர்மையில்லாதவன் என்று பொருள்படும் உருதுச் சொல் அது. இங்கே வந்து யாரை வேண்டுமானாலும் திட்டப் பயன்படுகிறது.