ஏதோ ஒரு வீடு

இரவு பத்தரை. தண்டையார்பேட்டையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. திரையில், நான் சரிபார்க்க வேண்டி ஒருவர் அனுப்பிய, ஒரு வெப்ப உணரிக்கான டிவைஸ் ட்ரீ பைண்டிங். அதாவது, அந்தச் சில்லை இயங்குதளத்துக்கு எப்படி விவரிக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. மூன்றாம் திருத்தம், அதே பிழைகள்.

பைண்டிங் வன்பொருளைத்தான் விவரிக்க வேண்டும். இதை எழுதியவரோ டிரைவர், அதாவது சில்லை இயக்கும் மென்பொருள், எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பதையும் அதில் செருகியிருக்கிறார். அது சில்லின் குணமா, உங்கள் ஆசையா ஐயா?

எந்தச் சில்லு என்று சொல்லும் 'கம்பேட்டிபிள்' வரி இன்னும் மோசம். சில்லின் முழுப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கடைசி இரண்டு எழுத்துக்குப் பதில் 'எக்ஸ்எக்ஸ்'. எங்கள் தெருவில் பழைய எண், புதிய எண் இரண்டையும் கதவில் எழுதிவைத்தும் கூரியர் பையன் நான்கு முறை சுற்றுகிறான். இவர் 'ஏதோ ஒரு வீடு' என்று முகவரி தருகிறார்!

சில்லை மீட்டமைக்கும் ரீசெட் பின்னின் பெயருக்கு மேல், சில்லின் விவர ஏடான டேட்டாஷீட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறது. மின்னழுத்தம் தாழ்நிலையில் இருக்கும்போதுதான் அது இயங்கும் என்று அர்த்தம். பைண்டிங்கில் தந்த எடுத்துக்காட்டில் இவர் உயர்நிலை என்கிறார். கோடு கண்ணில் படவில்லையாம்.

பைண்டிங் எழுதிய யாமல் வடிவக் கோப்பில் வரிகளின் உள்தள்ளலும் தவறு. பைண்டிங்கைச் சோதிக்கும் 'டிடி_பைண்டிங்_செக்' கட்டளையை ஒருமுறை ஓட்டியிருந்தால் அதுவே கத்தியிருக்கும். ஓட்டவில்லை. "சோதித்துவிட்டேன்" என்று மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

நான்காம் திருத்தம் இப்போதுதான் வந்து விழுந்தது. 'எக்ஸ்எக்ஸ்' அப்படியே இருக்கிறது.