நல்லாசிரியர் விருது கல்லூரிக்காரர்களுக்கும் உண்டு

"தேசிய நல்லாசிரியர் விருது பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே. கல்லூரிப் பேராசிரியர்களை அரசு கண்டுகொள்வதே இல்லை. ஷேர் பண்ணுங்க!" மூன்று கும்பிடு எமோஜியோடு இந்த வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. 2023-க்கு முன்பு எழுதியிருந்தால் சரிதான், இன்று தவறு.

2023 முதல் உயர்கல்வி நிறுவனங்கள், பாலிடெக்னிக்குகளில் கற்பிப்பவர்களுக்கும் இந்த விருது தரப்படுகிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 75 பேருக்கு விருது வழங்கினார். பள்ளிகளிலிருந்து 50 பேர், உயர்கல்வியிலிருந்து 13 பேர், திறன் மேம்பாட்டுத் துறையிலிருந்து 12 பேர். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். பள்ளி ஆசிரியருக்கு என்னவோ அதேதான்.

13 என்பது குறைவு என்று வாதாடலாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் குறைவு வேறு, இல்லவே இல்லை என்பது வேறு.

மத்திய அரசின் தேசிய விருதுகள் இணையதளத்திலும், விருது நாளன்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையிலும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உங்கள் குழுவுக்கு அந்தச் செய்தி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மேலே அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.