எட்டு போடச் சொன்ன மகராசனுக்கு

எட்டாம். எட்டு! நேரா நடக்கக் கூடாதாம், 8 மாதிரி வளைஞ்சு வளைஞ்சு நடக்கணுமாம். காலங்காத்தால ஆறு மணிக்கு ஷூ நாடாவை ரெட்டை முடிச்சுப் போட்டு, 61 வயசுல முதல் தடவையா சுடிதார் மாட்டிக்கிட்டு நான் பார்க்குக்குப் போனது 30 நிமிஷம் நடக்க. 22 நிமிஷம் நின்னுட்டு வந்திருக்கேன். நின்னுட்டு!

உங்க பார்க்குலயும் இப்படி ஒருத்தர் இருப்பார். வெள்ளை டீ-சர்ட், தொப்பைக்கு மேல ஏத்திக் கட்டின டிராக் பேண்ட், தோள்ல ஒரு பூத்துண்டு. அந்தத் துண்டு எதையும் துடைச்சு நான் பார்த்ததில்ல. வேர்த்தாத்தானே துடைக்கணும்? ஆனா யார் எப்படி நடக்கணும்னு மொத்த பார்க்கையும் மேய்க்கிறது அவர்தான். முதல் நாள் "கையை நல்லா வீசுங்கம்மா"ன்னார். வீசினேன். மூணாம் நாள் "இவ்வளவு வீசக் கூடாதும்மா"ன்னார். குறைச்சேன். ஆறாம் நாள், நான் அப்பிரதட்சணமா சுத்துறேனாம். பார்க்கை! சார், நடுவுல இருக்கிறது மூலஸ்தானம் இல்ல, மோட்டார் ரூம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். மறுநாள்லேருந்து வலமாவே சுத்தினேன், தொலையட்டும்னு.

இன்னைக்குப் பன்னெண்டாம் நாள். ரெண்டாவது சுத்து முடியப் போகுது, மூச்சு ஒரு நிதானத்துக்கு வருது, நமக்கும் இது கைகூடும் போலருக்கேன்னு ஒரு சின்ன சந்தோஷம். குறுக்க வந்து நின்னார். ரெண்டு கையையும் விரிச்சு, லெவல் கிராஸிங் கேட் மாதிரி.

"டீச்சர், நீங்க நடக்குறதெல்லாம் வேஸ்ட்."

வேஸ்ட்! பன்னெண்டு நாளா அஞ்சேகாலுக்கு அலாரம் வச்சு எந்திரிச்சதும், தெருமுனையில அந்த மூணு நாய்ங்க கிட்ட பேச்சுவார்த்தை நடத்திட்டு வந்ததும் வேஸ்டாம்.

"நேரா நடந்தா காலுக்கு மட்டும்தான் பயிற்சி. எட்டு போட்டாத்தான் உள்ளுறுப்புக்கெல்லாம்."

மூலையில புல்லை வழிச்சு, சிமெண்ட்ல எட்டு மாதிரி ஒண்ணு போட்டு மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருப்பாங்களே, அங்க கூட்டிட்டுப் போனார். கூட்டிட்டுப் போனார்னா மரியாதையா இருக்கு, ஓட்டிட்டுப் போனார். அதுல ஏற்கெனவே மூணு பேர். ஒரு பெரியவர் சட்டைப் பையில செல்போனை அலற விட்டுக்கிட்டு, கண்ணை மூடிட்டு நடக்கிறார். ஒரு அம்மா பின்னோக்கி நடக்கிறாங்க, அது ஞாபக சக்திக்காம். மூணாமவர் நடக்கவே இல்ல, நடுவுல நின்னு போன் பேசிட்டிருக்கார். எட்டுக்கு நடு எதுன்னு உங்களுக்குத் தெரியும், ரெண்டு வளையமும் வெட்டிக்கிற இடம். கண்ணை மூடினவரும் பின்னால பார்க்காதவங்களும் அங்கதான் சந்திக்கணும். சந்திச்சாங்க. "பார்த்து வரக் கூடாதா?"ன்னு கண்ணை மூடிட்டு வந்தவர் கேட்டார்!

நம்ம ஆள் நடுவுல போய் டிராஃபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டி எல்லாரையும் ஒழுங்குபடுத்திட்டு, என் பக்கம் திரும்பி ஆரம்பிச்சார். எட்டு வடக்கு தெற்காத்தான் இருக்கணும். முதல் 15 நிமிஷம் இப்படி, அடுத்த 15 நிமிஷம் அப்படி. சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி, தைராய்டு, கண் பார்வை, எல்லாம் போயிடும். (கண் பார்வையும் போயிடும்னுதான் சொன்னார். நான் திருத்தல.)

நான் 31 வருஷம் கணக்கு வாத்தியாரம்மா. வாய் சும்மா இருந்தாலும் மண்டை சும்மா இருக்காது. ஒவ்வொரு வட்டமும் 8 அடி விட்டம்னு வைங்க. பைக்கு 22/7 போட்டா ரெண்டு வட்டத்துக்கும் சேர்த்து 50 அடி சொச்சம், அதாவது 15 மீட்டர். 3 கிலோமீட்டர் நடக்க கிட்டத்தட்ட 200 தடவை இதுக்குள்ள உழலணும். செக்கு மாடு கூட ஒரே பக்கமாத்தான் சுத்தும், அதுக்குத் தலை சுத்தாம இருக்கக் கண்ணையாவது கட்டி விடுவாங்க.

என் டாக்டர் சொன்னது ரொம்பக் கொஞ்சம். மூணு மாச சர்க்கரை சராசரி 7.6 வந்திருக்கு, வாரத்துக்கு 5 நாள், தினம் 30 நிமிஷம் நடங்க. பெருக்கினா 150 நிமிஷம், உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் குறைஞ்சது அந்த 150ஐத்தான். வேகம்? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான். இன்னைக்கு எனக்குப் பேசவும் விடல, பாடவும் விடல, நடக்கவும் விடல. கையில கட்டின வாட்ச் அதிருது, "எழுந்து கொஞ்சம் நடங்க"ன்னு! பெங்களூர்ல இருந்து மகன் அனுப்பினது. அது ஒரு தனிக் கூத்து, தினம் 10,000 காலடி நடந்தாத்தான் அதுக்குத் திருப்தி. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி காலடி எண்ற கருவி ஒண்ணை வித்துது, அந்தக் கருவிக்கு வச்ச பேருக்கே பத்தாயிரம் காலடி மீட்டர்னு அர்த்தம். யாரோ விற்பனைக்கு வச்ச பேரு, 60 வருஷம் தாண்டி என் மணிக்கட்டுல வந்து உட்கார்ந்து அதட்டுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"ஷூவைக் கழட்டுங்க டீச்சர். வெறுங்கால்ல நடந்தாத்தான் பலன். அதை முடிச்சுட்டு அந்தக் கூழாங்கல் பாதையில ஒரு பத்து ரவுண்டு."

எனக்கு உள்ளங்கால்ல மதமதப்பு. முள்ளு குத்தினாலே சாயங்காலம் காலைக் கழுவும்போதுதான் தெரியும். சர்க்கரைக்காரங்க வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் ரெண்டு தடவை அழுத்திச் சொல்லி அனுப்பியிருக்கார், சின்னப் புண்ணு தெரியாமலே பெருசாகிடும்னு. அந்தக் கூழாங்கல் பாதையை எட்டிப் பார்த்தேன். கல்லுக்கு நடுவுல பச்சையா ஒண்ணு மின்னுச்சு. குனிஞ்சு பார்த்தா பாட்டில் கழுத்து, நகத்தளவுக்கு உடைஞ்சு நட்டுக்கிட்டு நிக்குது. காட்டினேன். "ஓரமா நடங்க டீச்சர்"ங்கிறார்!

"இதெல்லாம் யார் சார் சொன்னது?"ன்னேன்.

"சித்தர்கள்."

"எந்தச் சித்தர் சார்?"

"அந்தக் காலத்துச் சித்தர்கள், டீச்சர்."

ஏங்க, அந்தக் காலத்துல தமிழ்ல எட்டுன்னா ௮. பார்த்தீங்களா, அ மாதிரி இருக்கும். ரெண்டு வளையமா ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு நிக்கிற இந்த 8ஐ எந்தச் சித்தர் எந்தக் குகையில போட்டார்? அவர் பேச்சைக் கேட்டு ௮ல நடந்தா வால் முனை வரைக்கும் போய் அப்படியே காம்பவுண்டு சுவத்துல முட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதோட, நான் 1989லேயே எட்டு போட்டவ. ஆர்டிஓ மைதானத்துல, டிவிஎஸ் 50ல, புடவையோட, கால் ஊனாம. லைசென்ஸ் கொடுத்தாங்க. இந்த மனுஷன் கிட்ட நான் மறுபடி டெஸ்ட் கொடுக்கணுமா?

இதையெல்லாம் சொன்னேனா? சொல்லல. வீட்டுக்கு வந்து உங்க கிட்டதான் கொட்டுறேன். அங்க, அவர் மஞ்சள் கோட்டுல நெஞ்சை நிமித்தி, தோள்துண்டு பறக்க ஒரு ரவுண்டு நடந்து காட்டிட்டு, "எப்படி டீச்சர்?"னார்.

"எட்டேகால் லட்சணமா இருக்கு சார்."

முகமெல்லாம் பூரிப்பு. "ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்!" நெஞ்சு மேல கை வேற. எட்டுக்கு அ, காலுக்கு வ. பின்னால நடந்துக்கிட்டிருந்த அந்த அம்மாவுக்குச் சட்டுனு விளங்கிடுச்சு போல, அப்படியே கோட்டு மேல உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. சிரிப்புப் பயிற்சி அந்தப் பக்கம் மேடையிலன்னு இவர் அவங்களுக்கு வழி காட்டுறார்! எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியாம வெளிய ஓடி வந்துட்டேன். பன்னெண்டு நாள்ல நான் உருப்படியா வேகமா போனது அந்த நாப்பது அடிதான்.

வாசல்ல அருகம்புல் சாறு தம்பி, "இன்னைக்குச் சீக்கிரமே முடிச்சுட்டீங்களாம்மா"ங்கிறான். பக்கத்துல மெதுவடை. நான் எதைச் சாப்பிட்டேன்னு கேட்காதீங்க.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னா, எங்க வீட்டுக்காரர் பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, "அவர் சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு, நீ எட்டு போட்டுப் பாரேன், எனக்கும் வாட்ஸப்ல வந்துச்சு"ங்கிறார். இவருக்கு 8.9! இவர் நடக்கிறது சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல, அதுவும் நேர்கோட்டுல.

என்னமோ சத்தம் கேட்குதேன்னு பார்த்தா மேல தொட்டி வழியுது. நான் கிளம்பும்போது போட்ட மோட்டார். "அஞ்சு நிமிஷத்துல அணைச்சிருங்க"ன்னு ஷூ மாட்டிக்கிட்டே ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனேன். மாடிப்படியெல்லாம் தண்ணி, துவைச்சு வச்ச பெட்ஷீட் மேல தண்ணி, பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தாண்டை இருந்து "என்னம்மா இது"ன்னு கத்துறாங்க. இவர் பேப்பரை ஒரு பக்கம் திருப்பிட்டுக் கேட்கிறார், "காபி இன்னும் ஆகலையா?"