விட்டு வந்தவள் துரோகி இல்லை

அந்த ஜவுளிக்கடை முதலாளியின் பேட்டியை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். நானும் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லையாம், சாப்பாடு போட்டுத் தங்க இடமும் கொடுத்தாலும் பாதியில் வேலையை விட்டுப் போய்விடுகிறார்களாம். அதற்குக் கீழே இதயம் போட்டவர்களில் என்னோடு பள்ளியில் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

யாரும் எங்களுக்குச் சும்மா சாப்பாடு போடவில்லை. நான் தி.நகரில் ஒரு கடையில் சேலை செக்‌ஷனில் நின்றவள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ஹாஸ்டலுக்குத் திரும்ப ராத்திரி பத்தாகும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அந்தக் கணக்கும் கிடையாது. வாடிக்கையாளரே இல்லாத மத்தியானத்தில்கூட ரேக்கில் சாயக் கூடாது. சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்தோம். யூரின் இன்ஃபெக்‌ஷன் வராத பிள்ளை எங்கள் ரூமில் ஒருத்திகூட இல்லை. முப்பது வயதில் காலில் நரம்பு சுருண்ட அக்காக்கள் இருந்தார்கள். இதற்கு வாங்கியதுதான் சம்பளம். அது கூலி. கூலி கொடுத்தவருக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள் இல்லை.

தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஓவர்டைமையும் சேர்த்தால் பத்து என்று அதில் இருக்கிறது. வேலை நேரத்தில் உட்காரும் உரிமை மட்டும் அந்தச் சட்டத்தில் வர 2021 வரை காத்திருந்தோம். அதற்கு முன்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடி, 2018இல் கேரளத்தில் அந்த உரிமையை வாங்கினார்கள். ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்த தொழில் இது. இதில் இருந்துகொண்டு எங்களிடம் விசுவாசம் கேட்கிறார்கள்.

“பத்தாவதோடு நின்ற பிள்ளைகளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?” என்று கேட்பீர்கள். சரி, கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக்கு கான்கிரீட் கூரை வந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் விற்ற சேலையில்தானே அவர்களுக்கு அடுத்த கிளை வந்தது? அந்த நன்றியைப் பற்றி எந்தப் பேட்டியிலாவது பேசினார்களா? எல்லாக் கடையும் அப்படியில்லை என்பவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். நல்ல கடையாக இருந்தால் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்?

அப்புறம், “உனக்கு அதிர்ஷ்டம், நல்ல இடம் கிடைத்தது” என்று சொல்பவர்கள். அதிர்ஷ்டம் இல்லை. ஊருக்கு வந்து டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் படித்தேன். இப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்ட்டரில் இருக்கிறேன். சேர்ந்தபோது சம்பளம் கடையைவிடக் குறைவுதான். ஆனால் வீட்டுச் சாப்பாடு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவும் இல்லை. ஷிப்ட் முடிந்தால் முடிந்ததுதான். சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து டீ குடிக்கிறேன். முதல் நாள் கவுண்ட்டரில் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பில் போட்டேன். பக்கத்து சீட் அக்கா, “ஏம்மா நிக்க, உக்காரு” என்றபோது அழுதுவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், அவமானம். நான் ஒரு மாதம் முன்பே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக்கொடுத்து, கையெழுத்தும் வாங்கித்தான் வந்தேன். ஆனாலும் கடையிலிருந்து அம்மாவுக்கு போன் போட்டு, “உங்க பிள்ளை சொல்லாம ஓடிட்டா” என்றார்கள். வயசுப் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் ஊரில் என்ன பேச்சாக மாறும் என்று தெரிந்தேதான் சொன்னார்கள். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்ட சித்தி இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. கடைசி மாதச் சம்பளம் வரவே இல்லை. துரோகம் செய்தது யார்?

முதலாளிகளைக் குறைசொன்னால் வேலையே இல்லாமல் போய்விடும் என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து எச்சரிக்கிறார். அவருடைய மகளை ஒரு தீபாவளி சீசன் அங்கே நிற்க வைக்கட்டும், அப்புறம் பேசலாம்.

இன்னும் கடையில் நிற்கிற தங்கச்சிகளுக்கு. விடுவதாக இருந்தால் கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தால் அந்தக் கணக்குக்கான யூ.ஏ.என். நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலையிலும் அதே நம்பர்தான். ஐந்து வருஷம் முடித்தவர்கள் கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விடும்போது தர வேண்டிய பணிக்கொடையை, கேட்காமல் வராதீர்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், ராத்திரி எட்டுக்கு மேல் நான் ஃப்ரீதான்.