கொப்பியில திகதி மட்டும்தான் இருந்திச்சு

புதுசா கம்பஸ் வாற பிள்ளைகளுக்கு சீனியர்மார் தொண்டா துணை நிக்கணும் எண்டு கட்டுரையில எழுதியிருக்கீங்க, நூறு வீதம் சரி. நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிக்கக்குள்ள ரெண்டு வருஷம் இதச் செஞ்ச நான். பெரிய கவுன்சிலிங் ஒண்டும் இல்ல, ஆறுதலா இருந்து கேக்கிறதுதான் வேல. ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒராள், ஏஎல் வரைக்கும் தமிழ் மீடியம், இங்க லெக்சர் முழுக்க இங்கிலீஷ், கொப்பியப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் திகதி மட்டும்தான் எழுதியிரிக்கு, ஒரு வரி இல்ல, எனக்கு நெஞ்சு அடச்சிட்டு. பிறகு பின்னேரத்துல கேன்டீன்ல பிளேன்டீயோட இருந்து என்ட பழைய நோட்ஸ வச்சி ஒவ்வொரு சொல்லா தமிழ்ல விளங்கப்படுத்தினன், மூணாம் கிழமதான் வீட்ட நினைச்சி அழுறதயே சொன்னிச்சு.

ஒண்டு கவனம், சாகணும் போல இரிக்கு எண்டு ஒரு பிள்ள சொன்னா ரகசியம் எண்டு மூடி வைக்காதீங்க, உடனே மாணவர் ஆலோசகர்ட்ட கூட்டிப் போங்க, ராவெண்டா மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்க. ராகிங் 1998ம் ஆண்டு 20ம் இலக்கச் சட்டத்துல குற்றம், அதப் பழக்கம் எண்டு சொல்றவங்கள நம்பவும் வேணாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிக்கிற தம்பி தங்கச்சிமாரும் இந்த வேலைக்குப் பேர் குடுங்க, கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் போதும்.